இன்பம் என்று இங்கே யாரும் இல்லை

1961 ஜூன் 12

தக்காளிச் செடி இரண்டையும் கனகமணியின் ஆடு மேய்ந்துவிட்டது. "ஆட்டுக்கு என்ன தெரியும் மைனி" என்கிறாள். ஆட்டுக்குத் தெரியாது. அவிழ்த்துவிட்டவளுக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் தங்கை, அடுத்த வீடு. 1931 சர்ச் அசன விருந்தில் எனக்கு மட்டும் கறி இல்லாத எலும்பாகப் பார்த்துப் போட்டவள். அவள் மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

பேத்தி வந்து இன்றோடு ஆறு நாள். ரங்கூனிலிருந்து மதராஸ் வரை கப்பல், அங்கிருந்து ரயில். விருதுநகர் மிஷன் பள்ளியில் இரண்டு வருஷம் டீச்சர் டிரெயினிங் படிக்கப் போகிறாள். ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். பதினெட்டு வயது. மூக்கு என் மகனுடையது. கண் அவளுடையது.

அவள் என்றால் என் மகன் கட்டிக்கொண்டவள். நேசகுமார் 1938இல் அச்சாபீஸ் வேலைக்கென்று ரங்கூன் போனான். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து எனக்குக் கடிதம் போட்டான். பெண் பர்மாக்காரி, புத்தர் கோவிலுக்குப் போகிறவள். பிறகு அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டான். அதையும் கடிதத்தில்தான் சொன்னான். அவளுடைய பெயரை இருபது வருஷமாக இந்த வீட்டில் யாரையும் சொல்லவிட்டதில்லை. இந்த நோட்டிலும் எழுதமாட்டேன்.

பிள்ளைக்கு அவள் வைத்த பெயர் மா கின் மியா. வந்த அன்றே இன்பம் என்று மாற்றிவிட்டேன். பிள்ளை சிரித்தது. சம்மதம் என்றுதானே அர்த்தம்?

1961 ஜூன் 15

ஏட்டு கருப்பணன் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு வந்தார்.

"பேத்தி பேரைப் பதியணும் ஆச்சி. அது அந்நியர்."

"என் பேத்தி எனக்கு எப்படிய்யா அந்நியம்?"

"எனக்குத் தெரியுது. சர்க்காருக்குத் தெரியணுமே."

படிக்கத் தங்குவதற்கு ஒரு பெர்மிட் உண்டாம். வருஷத்துக்கு ஒருதரம் அதைப் புதுப்பிக்க வேண்டுமாம். தேதி தவறினால் கப்பலேற்றிவிடுவார்களாம். எல்லாத் தேதியையும் எழுதி வையுங்கள் என்றார். அதற்கும் இந்த நோட்டுதான். பட்டாசுக் கம்பெனி கொடுத்த பழைய டைரி, தேதியெல்லாம் அடித்துவிட்டு எழுதுகிறேன். நாலாம் வகுப்புக் கையெழுத்து, நாலாம் வகுப்பு மாதிரியே இருக்கிறது.

1961 ஜூன் 17

மதுரைக்குப் போனோம். நம் ஜில்லாவுக்குப் பெயர் ராமநாதபுரம், ஜில்லா ஆபீஸ் இருப்பது மதுரையில். ஊர் மாறிக் குடியிருப்பது அவர்களுக்குத் தப்பில்லை போல.

சீனிவாசகம் என்று ஒரு கிளார்க். நல்ல மனுஷன், மூக்குப்பொடி வாடை. பாரத்தைப் படித்துப் படித்துக் கேட்டார்.

"பேர்?"

"இன்பம்."

பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "பாட்டி, இதுல இருக்கிற பேரைச் சொல்லுங்க."

பிள்ளையே சொல்லிக்கொண்டது. தாயார் பெயரும் அதுவே சொன்னது. நான் ஜன்னலில் இருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பத்திரம். பிள்ளைக்கு நான் ஜவாப்தாரி என்றும், படிப்பு முடிந்ததும் பர்மாவுக்கே திரும்ப அனுப்பிவைப்பேன் என்றும் என் கைப்பட எழுத வேண்டும். அனுப்புவதற்கா வரவழைத்தேன்? அந்தப் பெண்பிள்ளையிடம் திரும்ப விடுவதற்கா? மனதுக்குள் சின்ன ஜெபம் பண்ணிக்கொண்டு எழுதினேன்—

அனுப்பிவைப்பேன்.

என் கையால் எழுதிய முதல் பொய். கையெழுத்து மட்டும் இன்றைக்கு நன்றாக வந்தது.

1961 ஆகஸ்டு 3

வெம்பக்கோட்டையில் ஒரு ஞானஸ்நானம். ராத்தங்கல். அந்நியர் வெளியூரில் தங்கினால் சொல்ல வேண்டுமாம், பிள்ளைக்காக ஏட்டிடம் முன்கூட்டி எழுதிக் கொடுத்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போதுகூட இத்தனை பேரிடம் நான் கேட்டதில்லை.

1961 செப்டம்பர் 20

தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனியும் தீப்பெட்டிக் கம்பெனியும் போட்டி போட்டுக்கொண்டு ஆள் தேடுகின்றன. சாயந்திரமானால் ஊரில் ஒரு வீட்டிலும் கை சும்மா இருக்காது. பசைத்தட்டை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவதும் ஊர்க்கதை பேசுவதும்தான்.

பிள்ளையும் வந்து உட்கார்ந்தது. மூன்றாம் நாளே கனகமணியைவிட வேகம். கனகமணி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குப் பெட்டி ஒட்டக் கை பழகிவிட்டால் அதன் பெயரிலேயே ஒட்டின கணக்கு எழுதும் கம்பெனிச் சிட்டை ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவோம். காது குத்துவது மாதிரி அதுவும் ஒரு சடங்கு. ஏஜெண்டிடம் சொல்லி நானும் வாங்கினேன். அட்டையில் பெரிதாக, 'இன்பம், ஆமத்தூர்.' பிள்ளைக்கு இந்த ஊரில் ஓர் எழுத்து கிடைத்துவிட்டது. ஊர் முழுக்கக் காட்டினேன். கனகமணியிடம் இரண்டு தடவை காட்டினேன்.

1962 மார்ச் 4

ரங்கூனில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாம். சர்ச்சில் சொன்னார்கள். பிள்ளை சாப்பிடவில்லை.

"அம்மா தனியா இருப்பாங்க ஆச்சி. அப்பா மாண்டலே போயிருக்காரு."

ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

1962 மே 26

பெர்மிட் முடிய இன்னும் பத்து நாள். புதுப்பிக்க எழுதிப் போட்டிருந்தேன். ஏட்டு விசாரணைக்கு வந்தார். பள்ளிக்கூடம் போகுதா, வேறெங்கும் தங்குதா என்று கேட்டுக்கொண்டே பசைத்தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த வட்டாரத்து ஆள்தானே, அவர் கை தானாகப் போய்ப் பட்டையை மடித்தது. பத்துப் பன்னிரண்டு பெட்டி ஒட்டியிருப்பார். பிள்ளையின் விரலில் பசை, ஏட்டின் விரலிலும் பசை.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

"உங்க மேல மனு ஆச்சி. படிக்க வந்த பிள்ளை கம்பெனி வேலை பார்க்குதுன்னு. படிக்கிற பெர்மிட்டுல வேலை பார்த்தா ரத்து."

"இதுவாய்யா வேலை? நீரும்தான் ஒட்டுனீர்."

கையைப் பார்த்துக்கொண்டு சட்டென்று வேட்டியில் துடைத்தார். இன்றைக்கு யூனிபாரம் போட்டு வராதது நல்லதாகப் போயிற்று.

"மனுவோட சிட்டையும் போயிருக்கு."

பானைக்குப் பின்னால் பார்த்தேன். சிட்டை இல்லை. போன வாரம், என் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறேன் மைனி என்று வாங்கிப்போனது யார்? முப்பது வருஷம் எலும்பு போட்டது போதாது என்று—

எவ்வளவு பெருமையாகக் காட்டினேன். இரண்டு தடவை.

ஏட்டு எழுந்து போகையில் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சிட்டையில பேரு இன்பம்னு இருக்கு. பெர்மிட்டுல அப்படி ஒரு ஆளே கிடையாது. நான் ஒண்ணும் சொல்லல ஆச்சி."

1962 மே 29

மதுரைக்கு வரச்சொல்லித் தபால். வருகிற வெள்ளிக்கிழமை.

1962 ஜூன் 1

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

உள்ளே ஒரு இன்ஸ்பெக்டர். மேஜையில் சிட்டை. பக்கத்தில் நின்ற சீனிவாசகம் பொடி போடவில்லை. அதுவே எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

"இந்த இன்பம் யாரம்மா?"

பிள்ளை என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டிருந்தது. டிரெயினிங்கில் பாதி முடிந்திருக்கிறது. இப்போது கப்பலேற்றினால் அந்தப் பட்டாள ஊருக்கு அது தனியாகப் போக வேண்டும்.

"அப்படி யாரும் இல்லய்யா."

"உங்க வீட்டுல?"

"எங்க வீட்டுல இன்பம்னு யாரும் இல்ல. சிட்டை நான் வாங்கினது. ஒட்டுனது நான்."

"அப்ப உங்க வீட்டுல இருக்கிற பொண்ணு?"

வருஷக்கணக்காகக் கட்டிக் காத்த வாய். என்ன செய்ய? திறந்தேன்.

"மா கின் மியா."

"யார் மகள்?"

"நேசகுமார் மகள்."

"தாயார்?"

ஜன்னலைப் பார்த்தேன். அந்த ஜன்னலில் போன வருஷம் இருந்த காக்காய்கூட இல்லை. சொன்னேன். என் காதிலேயே அந்நியமாகக் கேட்டது. இன்ஸ்பெக்டருக்குச் சரியாகக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னேன். (இங்கே எழுதமாட்டேன். சத்தமாகச் சொன்னது சட்டத்துக்காக.)

சீனிவாசகம் பொடி டப்பாவை எடுத்தார். முத்திரை விழுந்தது. ஒரு வருஷம். மறுபடி அதே பத்திரம், அனுப்பிவைப்பேன். இரண்டாவது பொய். இன்பம் இல்லை என்றதையும் சேர்த்தால் மூன்று.

பஸ்ஸில் பிள்ளை கேட்டது: "இன்பம்னு யாரும் இல்லையா ஆச்சி?"

"ஏட்டி, சும்மா இரு."

1962 ஜூன் 2

காலையில் "இன்பம், காப்பி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை. திரும்பவில்லை.

"அடுத்த வீட்டுல கேக்கும் ஆச்சி. அப்படி யாரும் இல்லைன்னு நீங்கதானே சொன்னீக."

சொன்னது சரிதான். கனகமணியின் காது சுவர் தாண்டிய காது.

மாலை வரை கூப்பிடாமலே சமாளித்தேன். விளக்கேற்றும் நேரத்துக்கு முடியவில்லை. மியா என்றேன். உடனே வந்தது.

1962 ஜூன் 10

கனகமணி சர்ச்சில் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்தாள். சமாதான முகமாம். பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

1963 மே 30

டிரெயினிங் முடிந்தது. முதல் வகுப்பு. சந்தோஷப்பட விடவில்லை சீனிவாசகம்.

"படிப்பு முடிஞ்சுதே பாட்டி. அனுப்பிவைப்பேன்னு ரெண்டு தடவை எழுதியிருக்கீங்களே."

"முடியலையே. டைப் படிக்கப் போகுதே."

விருதுநகரில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்பு. பணம் கட்டின சீட்டை நீட்டினேன். நேற்றுத்தான் கட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்கப்புறம்?" என்றார்.

"தையல்."

எழுதினேன் பத்திரம். இப்போதெல்லாம் பார்க்காமலே எழுத வருகிறது.

1963 நவம்பர் 18

மியா தாயாருக்குக் கடிதம் எழுதினாள். ஆச்சி ஏதாவது எழுதணுமா என்றாள். இல்லை என்றேன். பிறகு, தக்காளி காய்த்திருக்கிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன். அது ஊர்ச்செய்தி.

1964 ஏப்ரல் 2

ரங்கூனில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டதாம். அச்சாபீசும் போய்விட்டது. நேசகுமார் கடிதத்தில் அதற்கு ஒரே வரி. 'வரலாமா அம்மா?' என்று ஒரு வரி. போகும்போது கேட்டிருக்கலாம்.

'அவளும் வருவாளா?' என்று கேட்டு எழுதச் சொன்னேன். மியா பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பேரைச் சொல்லி எழுதச் சொன்னா எழுதுறேன்."

அந்த வரியை எழுதாமல் விட்டோம். கடிதத்தைச் சாயந்திரம் அவளே போட்டிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை.

1964 செப்டம்பர் 11

வந்துவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டி. நகை கொண்டுவர விடவில்லை. நேசகுமாருக்கு முன்மண்டை வழுக்கை. இருபத்தாறு வருஷம். என் காலைத் தொட்டுவிட்டு எழ முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏலே எழுந்திரு என்றேன். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வாசலில் நின்றாள். குள்ளம். எனக்குத் தெரிந்த பர்மாச் சொல் ஒன்றுமில்லை, அவளுக்குத் தெரிந்த தமிழ் 'வாங்க' ஒன்றுதான். உள்ளே கூப்பிட வேண்டியவள் நான், வாசலில் நிற்பவள் வாங்க என்கிறாள். நான் போனேன்.

1964 செப்டம்பர் 16

இன்று காலை ஆடு தக்காளிக்கு வந்தது. நான் கம்பைத் தேடுவதற்குள் அவள் ஓடிப்போய் ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்துப்போனாள், கனகமணி வாசல் வரைக்கும். அங்கே தூணில் கட்டிவிட்டு ஒரு பாட்டம் பேசினாள். பர்மாப் பேச்சு, ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனாலும் முப்பத்து மூன்று வருஷமாக நான் சொல்ல நினைத்ததெல்லாம் அதில் இருந்தது.

கனகமணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

மத்தியானம் அவளுக்கு மீன் நடுத்துண்டு வைத்தேன். பார்த்து வைக்கவில்லை. கை போனது.

1964 செப்டம்பர் 22

நாலு பேருமாக மதுரைக்குப் போனோம். ஏட்டு பஸ் ஏற்றிவிட்டார். "ஒரே வீட்ல மூணு அந்நியர். இந்த வட்டாரத்துல உங்க வீடுதான் ஆச்சி" என்றார், பெருமையாக.

சீனிவாசகத்துக்குத் தலை நரைத்துவிட்டது. முதலில் நேசகுமாரின் பாரம். பிறந்த ஊர் ஆமத்தூர், நாடு பர்மா. இரண்டு தடவை படித்தார். அவன் பிறந்த அறை இன்னும் ஒழுகுகிறது, அதில் தங்க அவனுக்குப் பெர்மிட். நான் ஜவாப்தாரி.

இரண்டாவது மியா, ஜூனில் நாலு மாதத்துக்குத்தான் நீட்டித் தந்திருந்தார்கள். தையல் வகுப்பு. சீனிவாசகம் கேட்கக்கூட இல்லை.

மூன்றாவது பாரத்தில் மியா எல்லாவற்றையும் பூர்த்தி செய்துவிட்டு, ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு என் பக்கம் நகர்த்தினாள். தங்குகிறவர் பெயரும், ஜவாப்தாரிக்கு அவர் என்ன உறவு என்பதும். ஜவாப்தாரியே எழுத வேண்டுமாம். அப்படி விதி ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக நான் நிரப்பாத பாரமா?

எழுதினேன். தின் மே. மருமகள்.

பிறகு பத்திரம். காலம் முடிந்ததும் மேற்படி தின் மேயைப் பர்மாவுக்கே திரும்ப அனுப்பிவைப்பேன் என்று. இருபது வருஷமாக நான் நிஜமாகவே எழுத ஆசைப்பட்ட வாக்கியம். அவள் பக்கத்தில் நின்று, என் மூக்குக்கண்ணாடி நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் அதே பொய்யை எழுதிக் கொடுத்தேன்.