அன்று நான் ஏறாத ஏணி

என் பத்மாக்காவுக்கு,

இன்றும் மழைதான். ஆனால் நிதானமான மழை, பயப்படும்படி இல்லை. நீ வைத்துவிட்டுப் போன வானிலைக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. ஹாலில் அதன் சின்னத் திரை இருபத்துநான்கு டிகிரி என்கிறது, காற்று கிழக்கிலிருந்து என்கிறது. போன வாரம் பேட்டரி மாற்றினேன்.

எழுத உட்கார்ந்தது அதைச் சொல்வதற்காக இல்லை, அக்கா. செவ்வாய்க்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலையையும் சொல்லியாக வேண்டும். அது உனக்குத் தெரியும். தெரியும் என்று நீ காட்டிக்கொண்டதே இல்லை, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது மற்றவர்களும் படிக்கும்படியே எழுதுகிறேன். படிக்கட்டும்.

அந்தப் பெட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டு மேஜை முழுக்கத் திருகாணிகள். முப்பது வருஷம் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள் நீ, கையேட்டை மூன்று தடவை படித்த பிறகுதான் என்னைத் தொடவே விட்டாய். காற்றின் வேகத்துக்கு மூன்று கிண்ணங்கள், திசைக்கு ஒரு வால், மழைக்கு ஒரு புனல். புனலுக்கு அடியில் தராசு மாதிரி இரண்டு பக்கமும் சாயும் ஒரு சின்னக் கரண்டி. கால் மில்லிமீட்டர் மழை சேர்ந்தால் ஒரு தடவை 'டக்' என்று சாயும். குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, அந்த டக்குகளை எண்ணி, கணக்கு சரியாக வரும்வரை நீ மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

எங்கே வைப்பது என்பதில்தான் நமக்குச் சண்டை. மொட்டைமாடியிலேயே வைக்கலாம் என்றேன். பக்கத்து அடுக்குமாடிச் சுவர் கிழக்கு மழையை மறைக்கும் என்றாய். கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் தலையில் கம்பம் நட்டோம். ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை நீ திருகிக்கொண்டே இருந்தாய். மேலே போக அந்த இரும்பு ஏணி ஒன்றுதான் வழி. அது ஆடும். உனக்கு முட்டி வலி, எனக்கு உயரம் என்றால் பயம். சுத்தம் செய்வது என் பொறுப்பு என்று முடிவானது.

மேற்கு மாம்பலத்தில் நம் சந்து மாதிரி எத்தனையோ சந்துகள். ரோட்டை மேலே மேலே போட்டு, வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. நம் கீழ்வீட்டு வாசல் தெருவைவிட ஒரு படி தாழ்வு. ஊருக்கு எவ்வளவு மழை என்று டிவியில் சொல்வார்கள், இந்தச் சந்துக்கு எவ்வளவு என்று யார் சொல்வது? நீ சொன்னாய். ஒரு பருவம் முழுக்க நோட்டில் எழுதிப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று கண்டுபிடித்தாய். தெரு வாட்ஸப் குழுவில் எல்லோரும் உன் எண்ணுக்குத்தான் காத்திருப்பார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகக் காத்திருந்தவள் தனம். கீழ்வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டு, பக்கவாதத்தில் படுத்துவிட்ட புருஷன் ஏழுமலையைப் பார்த்துக்கொள்கிறவள். சாயங்காலம் உன் பக்கத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி பேசுவாளே, அந்தத் தனம். ஏழுமலையைத் தூக்கி மேலே கொண்டுவருவது சின்ன வேலை இல்லை. தோள் நழுவும், மனுஷன் வலியில் துடிப்பார். அதனால் உன் வாயிலிருந்து வராமல் அவள் அவரை அசைக்க மாட்டாள்.

அந்தக் காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. "ரகு, மேல ஏறி புனல்ல ஏதாவது அடைச்சிருக்கான்னு பாத்துட்டு வாடா" என்றாய். மொட்டைமாடிக்குப் போனேன். ஏணியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கம்பி ஈரமாக இருந்தது. ஐந்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கி வந்து, "பாத்துட்டேன், சுத்தமா இருக்கு" என்றேன். நீ எனக்குக் காபி கொடுத்தாய்.

பத்து மணிக்கு மழை வலுத்தது. கீழேயிருந்து தனம் கூப்பிட்டாள்: "அக்கா, அவர மேல தூக்கிட்டு வந்துரவா?" நீ திரையைப் பார்த்தாய். "பன்னெண்டு மில்லிதான் காட்டுது தனம். வராது. அவர அலைக்கழிக்காத."

வந்தது. அவர் படுக்கைக்கு மேலேயே வந்தது. நனைந்த மனிதரை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். நுரையீரலில் சளி கட்டி இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்தது பெரிய விஷயம். மழை விட்ட மறுநாள், முட்டி வலியோடு நீயே தொட்டி மேல் ஏறினாய். இறங்கி வந்தபோது உன் கை நிறைய அழுகிய வேப்பிலையும் சேறும். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னை ஒரு நொடி பார்த்தாய். கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போனாய்.

அதற்கு அடுத்த வாரம் தனம் கேட் அருகே உன்னை நிறுத்தினாள். "உங்க டப்பாவ நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." நான் உனக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தப்பு என்னோடதுதான் தனம்" என்றாய். ஏன் அக்கா அப்படிச் சொன்னாய்? நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? எத்தனை நாள் காத்திருந்தாய்?

அதற்குப் பிறகு அவள் உன்னோடு பேசவில்லை. பங்குனியில் நீ கண்ணை மூடியபோது கேட் வரைக்கும் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

இனி செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. திரை பேட்டரியில் ஓடியது. பதினான்கு மில்லிமீட்டர் என்றது. பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன், அப்போதும் பதினான்கு. வெளியே ஜன்னல் கம்பி தெரியாதபடி கொட்டுகிறது, உள்ளே எண் நகரவில்லை. பால்கனியில் காலியாக வைத்திருந்த மக்கில் நாலு விரல் தண்ணீர் நின்றது. புனல் அடைத்துக்கொண்டுவிட்டது.

குடை அந்தக் காற்றில் நிற்காது. வெறுங்கையோடு மொட்டைமாடிக்குப் போனேன். ஏணியைத் தொட்டேன், ஆடியது. தூரத்தில் ஒரு மின்னல். எண்ணினேன், இருபது எண்ணிய பிறகுதான் இடி கேட்டது. அடுத்ததற்கும் எண்ணினேன், அதே இருபது. ஏறினேன். ஒவ்வொரு படியிலும் இறங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. உன்னை நினைத்துக்கொண்டு ஏறினேன் என்று சொன்னால் பொய். தனத்தை நினைத்துக்கொண்டும் இல்லை. கீழே பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் மனதில் இருந்தது.

புனல் தளும்பிக்கொண்டிருந்தது. வேப்பிலை, ஒரு காக்கை இறகு, களிமண். விரலை விட்டு நோண்டி எடுத்தேன். தேங்கிய தண்ணீர் ஒரேயடியாக இறங்கி, கரண்டி படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த எண்ணை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். அது பழைய மழை. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு தொட்டி மேல் குந்தி உட்கார்ந்து, காதைக் கருவியின் உடம்பில் ஒட்டி வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் எண்ணினேன். இருபது டக். ஐந்து மில்லிமீட்டர். அப்படியானால் மணிக்கு அறுபது.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். தனம் காலால் மிதிக்கும் மெஷினில் ஜன்னல் வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தனம், ஏழுமலைய மேல தூக்கிடலாம். அரை மணியில தண்ணி உள்ள வந்துரும்."

அவள் நிமிரவில்லை. "அன்னிக்கு வராதுன்னீங்க, வந்துச்சு. இன்னிக்கு வரும்ங்கறீங்க. அந்த டப்பா பேச்ச நம்பி இவர நான் தூக்க மாட்டேன் சார். போன மாசம்தான் தோள் நழுவி சரியாச்சு."

முன்பெல்லாம் அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

வாசல் படியைப் பார்த்தேன். தெருத் தண்ணீர் கேட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. வேறு என்ன சொல்லியும் அவள் எழுந்திருக்கப் போவதில்லை.

"டப்பா மேல தப்பில்ல தனம். அக்கா மேலயும் தப்பில்ல. அன்னிக்குக் காலையில மேல ஏறிப் பாருன்னு அக்கா எங்கிட்ட சொன்னாங்க. நான் ஏறல. பாத்துட்டேன்னு பொய் சொன்னேன். இலை அடைச்சுக் கிடந்தது. அக்கா என் பேச்ச நம்பித்தான் உன்கிட்ட வராதுன்னாங்க."

மெஷின் நின்றது. கட்டிலிலிருந்து ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுதான் குழறும், காது நன்றாகக் கேட்கும்.

"இன்னிக்கு?" என்றாள் தனம்.

"ஏறினேன். இப்பதான் எறங்கி வரேன்."

என் கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கத் துரு, நகத்துக்குள் சேறு. தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து மேலே பரணில் வைத்தாள். "சேகரக் கூப்புடுங்க" என்றாள்.

எதிர்வீட்டு ஆட்டோ சேகர், உனக்குத் தெரிந்தவன்தான். ஓடி வந்தான். "இன்னா சார், முனையில சாக்கட பொங்கிக்கினு கீது. சட்டுனு தூக்கலாம்." ஏழுமலையை நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் இடுப்பைக் கட்டினோம். சேகர் முன்னால், நான் பின்னால், தனம் அவர் தோளை அணைத்தபடி. படி திரும்பும் இடத்தில் அவர் நல்ல கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. நாற்காலி சாய்ந்தது. மொத்தக் கனமும் என் மார்பில் இறங்கியது.

"நைனா, கைய வுடு நைனா. நான் புடிச்சிகினு கீறேன்" என்றான் சேகர். தனம் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவர் வலியில் முனகினார். அந்த நிமிடம் நான் வேண்டியது என்ன தெரியுமா? தண்ணீர் வர வேண்டும் என்று வேண்டினேன். இவ்வளவு பாடுபடுத்திவிட்டு வராமல் போனால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று. எப்பேர்ப்பட்ட வேண்டுதல், பார்.

வந்தது. ஏழுமலையை உன் அறையில், உன் கட்டிலில் படுக்க வைத்து இருபது நிமிடத்துக்குள், கீழே பாத்திரங்கள் மிதந்து சுவரில் முட்டும் சத்தம் கேட்டது. முழங்கால் வரைக்கும் தண்ணீர். மெஷினின் மிதி முழுகிவிட்டது. சேகர் அடுத்த வீட்டுக்காரர்களைப் பார்க்க ஓடினான்.

தனம் ஏழுமலையின் காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அக்காவுக்குத் தெரியுமா?"

"மறுநாளே. அவங்களே ஏறிப் பாத்தாங்க."

"அவங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

 ஏழுமலையின் தலைக்கடியில் தலையணையைச் சரிசெய்தேன்.

"சொல்லியிருந்தா உங்ககூடப் பேசாம இருந்திருப்பேன். அவங்ககூடப் பேசியிருப்பேன்." துண்டைப் பிழிந்தாள். குரல் உயரவில்லை. "அவங்க ஆஸ்பத்திரில இருக்கறப்ப தினம் போகணும்னு கெளம்புவேன். செருப்பப் போட்டுட்டுத் திரும்பி வந்துருவேன். ரெண்டு வருஷம் சார். அத எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

மன்னித்துவிடு என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடமும் இப்போது கேட்க முடியவில்லை. நீ எனக்காகச் சுமந்தாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்து உருகியிருக்கிறேன். ஆனால் அவளிடமிருந்து அவளுடைய சிநேகிதியைப் பறித்தவன் நான், உன்னிடமிருந்து உன் சாயங்காலங்களைப் பறித்தவனும் நான்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நீ சொல்லாமல் இருந்ததும் சரிதானா, அக்கா? எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை தண்ணீர் வடிந்தது. குழுவில் எல்லோருக்கும் தெரியும்படி, அன்று நான் ஏறாமல் பொய் சொன்னதை என் பெயரைப் போட்டே எழுதினேன். இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். நேற்றுக் காலை தனம் சேற்றைக் கழுவித் தள்ளிவிட்டு, துடைப்பத்தோடு மொட்டைமாடிக்கு வந்தாள். தொட்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"அத எறக்கி இங்க வைங்க. என் கண்ணுக்கு எட்டற எடத்துல. இனிமே நானே பாத்துக்கறேன்."

கிழக்குச் சுவர் மறைக்கும், கொஞ்சம் குறைவாகக் காட்டும் என்றேன். "எவ்வளவு குறையும்னு கத்துக் குடுங்க, கூட்டிக்கறேன்" என்றாள்.

உனக்குப் பிடிக்காதுதான். இருந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை கம்பத்தை இறக்கி அவள் உயரத்துக்கு நடுகிறேன், அக்கா. ரசமட்டத்தில் குமிழி நடுவில் வரும்வரை கையை எடுக்க மாட்டேன். அவள் தன் விரலால் புனலைத் தடவிப் பார்த்துச் சொல்லும் எண்ணைத்தான் இனி இந்தத் தெருவுக்கு அனுப்புவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவன்,
ரகு