பைபர் லைனில் என் பெயர்

2008 ஒக்தோபர் 14, செவ்வாய்

கொழும்பு போய்ச் சேரவில்லை. வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்று அடையாள அட்டையில் கண்டதும் பையைக் கொட்டச் சொன்னார்கள். பஸ் குலுக்கலில் ஹார்ட் டிஸ்க் அடிபடக்கூடாதென்று துவாயில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். எந்த மடைச்சி இந்தக் காலத்தில் அப்படிச் செய்வாள்? குண்டுதான் என்று சிப்பாய் முடிவே கட்டிவிட்டான். பின்னேரம் என்னை விட்டார்கள். டிஸ்க்கை விடவில்லை.

அதில் இருந்தது தெல்தோட்டை மலைச்சரிவின் நில அதிர்வுப் பதிவு. மலை எங்கே நகர்கிறது என்று கணிக்க, மழைக்கு முன்னால் அதை ஜப்பானில் உள்ள பெரிய கணினிக்கு அனுப்பியாக வேண்டும். கண்டியில் எங்கள் ஆய்வு நிலையத்துக்கே புது பைபர் லைன், வேகமான இணைய இணைப்பு, வந்துவிட்டது; ஒரு பகலில் எல்லாம் போய்விடும். ஆனால் இயக்குநர் திறந்துவிட வேண்டுமாம். கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் கொழும்பிலிருந்து அனுப்பலாமென்று கொண்டு போனேன்.

ஒக்தோபர் 15

நல்ல வேளை, பிரதி ஆய்வுகூடத்தில் இருக்கிறது. திரும்பவும் இயக்குநரிடம் போனேன். “யுத்த காலம். உங்கள் பெயரில் இவ்வளவு தரவு வெளியே போனால் கேள்வி வரும். நிமலின் பெயரில் அனுப்புவோம்” என்றார், சிரித்துக்கொண்டு. நிமல் எங்கள் நிலையத்துச் சிங்கள ஆய்வாளர்; அந்த மலையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அட்டை கடிக்கக் கடிக்கக் கருவி நட்டது நான். ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

ஒக்தோபர் 19, ஞாயிறு

தெல்தோட்டை. தேயிலைத் தோட்டக் கமிட்டித் தலைவர் ராஜலிங்கம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருப்பதைக் காட்டினார். “பயத்துல ராவைக்கு எல்லாரும் பிள்ளைக் காம்பராவுலதான் படுக்கிறோம் மிஸ். அங்க தங்கலாமா, கூடாதா? சொல்லுங்க.” கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. ஜப்பானிலிருந்து வரைபடம் வந்தால்தான் சொல்லலாம் என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். நிமலின் பெயரைப் போட்டால் நாளைக்கே போய்விடும். என்ர வீம்புதான் பெரிசோ? — அதையேன் நான் என்னட்டக் கேக்கோணும்? லைனைப் பூட்டி வச்சவரையெல்லோ கேக்கோணும்!

ஒக்தோபர் 20

நாளைக்கு அனுப்புறன். என்ர பெயரில.

ஒக்தோபர் 21

காலையிலேயே நெட்வேர்க் அறைக்குப் போனேன். பொறுப்பாயிருக்கும் பஹ்மி தலையில் கை வைத்தான். “மிஸ், முழு லைனையும் நீங்க எடுத்தா மத்த எல்லாட வேலையும் படுத்துடும். என்ட வேலையும் போகும்.”

“நீர் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்” என்றேன். கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனான். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று லைனில் போட்டிருந்த வரம்பை எடுத்தேன். அனுப்புபவர் என்ற இடத்தில் முழுப் பெயரையும் அடித்தேன்: பத்மாதேவி தியாகராஜா.

மெயில் ஒன்றும் வேலை செய்யவில்லை என்று இயக்குநர் ஓடி வந்தார். யார் இதைச் செய்தது?

“நான்தான் சேர். அரைவாசி போயிட்டுது. மறிக்கிறதெண்டா என்னைக் கதிரையோட தூக்குங்கோ.”

கத்தினார். தூக்க ஒருவரும் வரவில்லை. பின்னேரம் முடிந்தது.

ஒக்தோபர் 22

இடைநிறுத்திவிட்டார்கள். பஹ்மியைத் தொடவில்லை. அது போதும்.

ஒக்தோபர் 29

ஜப்பானிலிருந்து வரைபடம் என் சொந்த மெயிலுக்கு வந்தது. லயத்துக்குப் பின்னால் உள்ள வெடிப்பு பழையது, அசையவில்லை. அசைவது பிள்ளைக் காம்பராவுக்கு மேலே உள்ள சரிவு. ஐயோ, அங்கதானே எல்லாரும் படுக்கினம்!

ராஜலிங்கத்துக்குப் போன் எடுத்துக் கத்தினேன். இண்டைக்கே கோயில் மண்டபத்துக்குப் போங்கோ, பகலிலயும் ஒரு பிள்ளையை அங்க விடாதேங்கோ. “சரிங்க மிஸ், போறோம்” என்றார். ஏனென்றுகூடக் கேட்கவில்லை.

நவம்பர் 23

மழை. விடாமல் மழை.

நவம்பர் 25

சரிவு இறங்கிவிட்டது. பிள்ளைக் காம்பரா இல்லை. கூரைத் தகரம்கூட வெளியே தெரியவில்லையாம். உள்ளே ஒருவரும் இருக்கவில்லை.

டிசம்பர் 2

விசாரணை. மன்னிப்பு எழுதித் தந்தால் வேலையைத் திருப்பித் தருவார்களாம். எதுக்கு மன்னிப்பு? எழுத மாட்டன் எண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டன்.

வீட்டுக்கு வந்ததும் ராஜலிங்கம் போன் எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். “மண்டபத்துல இந்தப் பிள்ளைங்க சத்தம் தாங்க முடியல மிஸ், காது கிழியுது” என்றார்.

கத்தட்டும் எண்டன்.