கிளவுடில் வந்த ஒரு வரி

அன்புள்ள அம்மாவுக்கு, நல்லம்பள்ளி விடுதியிலிருந்து சுகுணா எழுதுகிறேன். நீங்களும் அப்பாவும் நலம்தானே? சாமை அறுப்பு முடிந்ததா?

எனக்கு நெற்றியில் சின்னத் தையல்தான், பயப்படாதீர்கள். நேற்று என் தோழி ஜெயபிரியாவுக்குக் கல்யாணம் செய்துவைக்க அவள் அப்பா கடப்பாரையோடு கணினி அறைக்குள் வந்துவிட்டார். "உன் படிப்பு இந்தப் பொட்டிலதான இருக்குது?" என்று கத்தி எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார். தடுத்த என்னையும் சுவரில் தள்ளிவிட்டு, அவளை முடியைப் பிடித்து இழுத்துப் போனார்.

நாங்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்தப் பெட்டியில் இல்லை அம்மா, கிளவுடில் இருக்கிறது. எங்கோ இருக்கும் பெரிய கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பதுதான் கிளவுட். நிலக் குத்தகை மாதிரி வெறும் நிலமாகவும் எடுக்கலாம், உழுது தண்ணீர் விட்ட நிலமாகவும் எடுக்கலாம், கிண்டிய களியாகவே வாங்கியும் சாப்பிடலாம். எங்களுடையது களி, எழுதும் வசதியோடு தயாராகவே கிடைப்பது. எந்தப் போனிலும் திறக்கலாம்.

இன்று டீச்சர் போனில் திறந்தேன். கட்டுரையின் கடைசியில் புதிதாக ஒரு வரி இருந்தது: "ஏரியூர்ல அத்தை வூட்ல பூட்டி வெச்சிருக்காங்க, நாளைக்குத் தாலி, சீக்கிரம் வாங்கடி."

பள்ளிச் சட்டையில் ரத்தக்கறை போகவில்லை. பழைய சட்டையைப் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். உங்கள் சேலை ஒன்றும் வையுங்கள், பக்கத்துப் பாய் காலியாக இருப்பதால் குளிருகிறது.

டீச்சர் கூப்பிட்ட போலீஸ் ஜீப் வந்துவிட்டது. எங்களில் அந்த அத்தை வீட்டுக்கு முன்பு போயிருப்பவள் நான் மட்டும்தான். வழிகாட்டப் போகிறேன் அம்மா.