ஊர் கொடுத்த நெல்

அன்பு மகன் சகாய ஆனந்துக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் ஏதோ நடமாட்டமாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் ரீனாவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். நெல் நன்றாக விளைந்தது என்று அவர் உன்னிடம் சொன்னாரே, அது பொய். நம் வயலில் இந்த வருஷம் ஒரு மணி அறுக்கவில்லை.

ஐப்பசி முழுக்கக் காய்ந்தது. கார்த்திகையில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்து ஏரி நிரம்பி கரை அரிக்க ஆரம்பித்தது. கனமழை என்று முந்தின நாளே எல்லார் போனுக்கும் செய்தி வந்ததுதான், வந்து என்ன செய்ய, மண் மூட்டை தூக்குகிற வயசில் ஊரில் யார் இருக்கிறீர்கள். நானும் பக்கத்து வீட்டு மலர்கொடியும் இன்னும் நாலைந்து பெண்களும்தான் தூக்கினோம். உபரித் தண்ணீர் போகிற வாய்க்கால் கருவேலம் மண்டி அடைத்துக் கிடந்தது. ஏரி மீன் ஏலச் சண்டையில் கீழத்தெருவும் நம் தெருவும் பேச்சை விட்டதிலிருந்து யாரும் அதில் மண்வெட்டி வைக்கவில்லை. அந்தக் கீழத்தெரு அய்யாக்கண்ணுதான் நனைந்துகொண்டே வந்து அப்பா எதிரில் நின்றார். “சூசை, கர ஒடஞ்சா ரெண்டு தெருவும் போயிடும். தண்ணிய ஒன் வயல் வழியா விட்டா ஓடையில சேந்துடும். எந்த வாயால கேக்கறதுன்னு தெரியல” என்றார். கதிர் பால் பிடிக்கிற சமயம். அப்பா அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி வரப்பைத் தானே வெட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை தம்பி. ஆனால் கரை நின்றது, ஒரு வீட்டுக்கும் தண்ணீர் வரவில்லை.

மழை விட்டதும் இரண்டு தெருவும் சேர்ந்து வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். தையில் அறுப்பு முடிந்து அய்யாக்கண்ணு பெண்சாதி பச்சையம்மாள் வந்து, உங்களுக்கு வீட்டுக்கு வீடு ஒரு கூடை நெல் போடுவதாக ஊரில் பேசியிருக்கிறோம் என்றாள். பிச்சையா என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான், “அனுப்பி வையுங்க அக்கா” என்று சொல்லி அளந்து வாங்கி மூட்டை கட்டிவிட்டேன். அன்றிலிருந்து மனுஷன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எனக்கு மட்டும் கூச்சமில்லையா. ஆனால் மழை இனிமேல் இப்படித்தான் வரும்போலிருக்கிறது, விட்டால் வறட்சி, பெய்தால் வெள்ளம். மூழ்கிப் போன வயலுக்கு ஊர் ஈடு கட்டாவிட்டால், அல்லது கட்டுவதை நாம் வாங்காவிட்டால், அடுத்த தடவை எவன் தன் வயலை வெட்டவிடுவான்? இதை அவருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

எல்லாவற்றையும் விற்றுவிட்டு வாருங்கள் என்கிறாய். அதற்கு இப்போது பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நீ மாத்திரையை ஒழுங்காகப் போடு, குழந்தையை ஏசி குளிரில் வெறும் உடம்போடு விடாதே. உங்கள் மூவரையும் ஆண்டவர் கைவிடாமல் காப்பாராக. ஈஸ்டருக்கு வரும்போது அந்த நெல்லைத்தான் குத்திச் சோறாக்குவேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நெல்லைப் பற்றி ஒன்றும் கேட்காமல், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடு. அவரும் சாப்பிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாந்தி மேரி