ஒன்பதாம் பாடம்

26-7, சனி
காலையிலிருந்தே புழுக்கம். துவைக்க: ஜீன்ஸ் 2, துப்பட்டா. வாங்க: ஷாம்பு, பிளக் அடாப்டர்.
யூனிவர்சிட்டி மெயில். லீவு முடிந்து கொரியா திரும்பியதும் மொழி வகுப்பில் மறுபடி சேர்கிறேனா என்று வெள்ளிக்குள் சொல்ல வேண்டுமாம். லேபில் எல்லாம் இங்கிலீஷ்தான். எதற்கு?
இப்படிச் சொல்லித்தான் போன வருஷம் நிறுத்தினேன். உண்மை வேறு. அங்கே ஒரு கடையில் கஷ்டப்பட்டுக் கொரியனில் ஒரு வரி பேசினேன், கடைக்காரி இங்கிலீஷில் பதில் சொன்னாள். அதோடு போச்சு.
வீட்டில் தெரியாது. "எம்பொண்ணு கொரியாக்காரி மாதிரியே பேசுது" என்று அம்மா மாகறல் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

27-7, ஞாயிறு
அம்மன் கோயிலில் கூழ். அத்தை மகள் ரேவதி தன் மேனேஜரை அழைத்து வந்திருந்தாள். கொரியாக்காரர். இவள் பன்னிரண்டாவதோடு நின்றவள், ஒரகடம் பக்கம் ஃபேக்டரியில் லைன் வேலை. அவரோடு சளசளவென்று கொரியன்! அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
"நீயும் பேசேன்டி" என்று அம்மா தள்ளிவிட்டாள். வணக்கம் சொன்னேன். அவர் நீளமாக ஏதோ கேட்டார். தலையாட்டினேன். மறுபடி கேட்டார். ரேவதி நடுவில் புகுந்து சமாளித்துவிட்டு அம்மாவிடம், "அக்கா சூப்பரா பேசுது அத்தை" என்றாள்.
அவள் காப்பாற்றியதுதான் இன்னும் எரிகிறது.
எப்படிக் கத்துக்கிட்டே என்று கேட்டேன். "இன்னான்னு தெரியாமலே திட்டு வாங்கிக்கினு நிப்பேன். பேஜாராயிட்ச்சு. இன்னா திட்றாருன்னாவது தெரிஞ்சிக்கலாம்னு ஆரம்பிச்சேன்க்கா. பேச வரும், எழுத வராது. உங்கிட்ட புக்கு எதுனா கீதா?"
"அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன்."
பொய். பெட்டியில், சுடிதாருக்கு அடியில். எட்டுப் பாடத்துக்குத்தான் பயிற்சி எழுதியிருக்கிறேன், மற்றதெல்லாம் வெள்ளை. அதை அவளிடம் காட்டுவேனா?

29-7, செவ்வாய்
தூறல். பெட்டியில் புத்தகம் இல்லை! அம்மா: "துணி எடுக்கசொல்ல ஆப்ட்டுச்சு. ரேவதி ஆசையா கேட்டுச்சேன்னு குட்த்துட்டேன். உனக்குதான் எல்லாம் தெரியுமே."

1-8, வெள்ளி
மெயிலுக்கு இன்றுதான் கடைசி. இன்னும் போடவில்லை.
ரேவதி யூனிஃபார்மோடு வந்தாள், அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரம் பார்த்து. "எழுத்து வந்துட்ச்சுக்கா. ஒம்போதாம் பாடம் காலியா இருந்துச்சா, நான் எழுதிட்டேன். பென்சில்லதான். வோணாம்னா அழிச்சிக்க. அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லல."
பொய் சொன்னாயே என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.
பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. ஒரு தப்பாவது இருக்காதா என்று வரிவரியாகத் தேடினேன். சரியா தப்பா என்று சொல்லவே எனக்குத் தெரியவில்லை.