மிச்சத்தில் சாப்பாடு

டண்டினொங், அவுஸ்திரேலியா,
15.5.1977, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் யோகாவுக்கு,

இன்று காலை எட்டு மணிக்கு என் சிநேகிதர் கணேசலிங்கம் வியன்னாவிலிருந்து தொலைபேசியில் பேசினார். நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அரைக் கோப்பை சூப்பும் ஒரு துண்டுப் பாணும் சாப்பிட்டாய் என்றும், அது வயிற்றில் தங்கியிருக்கிறது என்றும் சொன்னார். பக்கத்தில் இருந்து கண்டவர் சொன்னது என்பதால் அதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொண்டோம். இங்கே அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம். உன் சுகத்தை இன்னொருவர் வாயால் கேட்டது எங்களுக்குப் போதவில்லை, உன் கையெழுத்தில் காணக் காத்திருக்கிறோம்.

நடந்ததாக நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன், பிழை இருந்தால் நீயே திருத்து. வியாழக்கிழமை மதியம் அரும்பொருட்காட்சிச் சாலைக்கு வெளியே ட்ராம் தரிப்பிடத்தில் நீ மயங்கி விழுந்தாய். அங்கே நின்ற யாரோ ஒரு பெண்மணி உன் கைப்பையில் இருந்த கணேசலிங்கத்தின் விலாசத்தைப் பார்த்து அவருடைய அலுவலகத்துக்கு அறிவித்தார். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்ததில், இருக்க வேண்டிய அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்ததாம். இரண்டு இரவு அங்கே வைத்திருந்துவிட்டு, இப்போது அவருடைய வீட்டில் படுத்திருக்க விட்டிருக்கிறார்கள். பட்டினி ஒன்றினால் மட்டும் இவ்வளவு விரைவில் இரத்தம் குறையாது, வயிற்றுக்குள் எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னாராம். இதை அம்மாவுக்கு நான் பாதிதான் சொன்னேன். மீதிப் பாதியை அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

கணேசலிங்கம் சொன்ன இன்னொரு விஷயம்தான் காலையிலிருந்து என்னை விடாமல் அரிக்கிறது. புதன்கிழமை பின்னேரம் நீ அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாய். அவர் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை, அவருடைய மனைவி மார்கிட் மட்டும் இருந்திருக்கிறார். உருளைக்கிழங்கு சூப் அடுப்பில் இருந்தது, சாப்பிடுகிறாயா என்று கேட்டார், இப்போதுதான் சாப்பிட்டேன் என்றாய். இன்னொரு தரம் கேட்டார், வேண்டாம் என்றாய். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. மார்கிட் நல்ல மனுசி, நீ சாப்பிட்டுவிட்டு வந்தாய் என்று நம்பிப் பானையை மூடி வைத்துவிட்டார். "அவள் ரெண்டு தரம் கேட்டவள் அண்ணை. மூண்டாம் தரமும் கேட்க வேணுமெண்டு அவளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்றார் கணேசலிங்கம். நம் வீடுகளில் முதல் தரம் வேண்டாம் என்பதும், இரண்டாம் தரம் பரவாயில்லை என்பதும், மூன்றாம் தரம் கையைப் பிடித்து இருத்துவதும் எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கு. அந்த ஒழுங்கு தெரியாத ஒரு குசினியில் நீ பசியோடு மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறாய். அரை மணி நேரம் கட்டடங்களைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனாயாம். மார்கிட் இப்போது உன்னிடம் எதுவும் கேட்பதில்லை, கோப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுக் கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருக்கிறாராம், சாப்பிட்டு முடியும் மட்டும் எழும்புவதில்லையாம். அவருக்கு என் நன்றியைச் சொல்.

பாரிஸிலிருந்து நீ போட்ட அட்டையை இன்று திரும்ப எடுத்துப் பார்த்தேன். அங்கே நின்றபடி கோப்பி குடித்தால் ஒரு விலை, இருந்து குடித்தால் வேறு விலை, "அப்பா, இந்த ஊரில் கதிரைக்கும் காசு" என்று எழுதியிருந்தாய், வாசித்துச் சிரித்தோம். அதன் கீழே, இன்று வெள்ளிக்கிழமை, விரதம், ஆகவே செலவு இல்லை என்றும் எழுதியிருந்தாய். அட்டையின் மேலே நீ போட்டிருந்த திகதிக்குக் கிழமை செவ்வாய். அதைப் பற்றிக் கேட்டு அன்றே எழுதினேன், அந்தக் கடிதம் பாரிஸ் தபாற்கந்தோரில் இன்னமும் உனக்காகக் கிடக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்குத் திகதி கண்ணில் படவில்லை. "வெள்ளிக்கிழமையிலும் மீன் கேட்டு அழுதவள் விரதம் பிடிக்கிறாளாம், வெளிநாடு போய்த்தான் புத்தி வந்திருக்கு" என்று இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தாள். அவளுக்கு இன்று உண்மை தெரியும். குசினிக்குள் போய், யாரும் கேட்காமலே ஒரு பானை சோறு வடித்தாள். நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

இந்தக் கட்டடக்கலைப் படிப்புப் பயணத்துக்குப் புறப்படுமுன் இலண்டனிலிருந்து நீ அனுப்பிய செலவுத் திட்டமும் மேசையில் இருக்கிறது. ரயிலுக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு, கட்டடங்கள் பார்க்க நுழைவுச் சீட்டுக்கு இவ்வளவு என்று ஒழுங்காகப் போட்டுக் கடைசியில் சாப்பாடு மிச்சத்தில் என்று எழுதியிருக்கிறாய். மிச்சம் என்ற சொல்லுக்கு நம் வாயில் இரண்டு கருத்து, மீந்து கிடப்பதும் மிச்சம், சேர்த்து வைப்பதும் மிச்சம். முதல் கருத்தில் நீ எழுதினாய் என்று நான் வாசித்தேன், நீ இரண்டாவது கருத்தில் நடந்திருக்கிறாய்.

ஏன் என்றும் தெரிந்துவிட்டது. எனக்கு ஓவர்டைம் நின்றுபோனதை அம்மா உனக்கு எழுதிவிட்டாளாம். நீ ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் கணேசலிங்கத்திடம், "அப்பாவிட்ட சொல்லிப்போடாதேங்கோ அங்கிள், கேட்டால் கடன்பட்டெண்டாலும் அனுப்புவார்" என்றாயாம். பிள்ளை, பிஸ்கட் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றது உண்மை, பகல் வேலை நிற்கவில்லை. பெட்டி எண்ணுவது நான் கொழும்பில் பத்திரிகைக்குச் செய்தி சேகரித்தது போன்ற வேலை இல்லைதான், ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் சம்பளம் தருகிறார்கள். நாளைக்கு வங்கியில் நூறு டொலர் கணேசலிங்கத்தின் பெயருக்குக் கட்டுகிறேன், கடன்படாமல். அது சாப்பாட்டுக்கு, சீட்டு வாங்க அல்ல. ஆஸ்பத்திரிச் செலவை நானும் அவரும் பேசிக்கொள்வோம், அது உன் தலையில் இல்லை.

எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் தேநீர் ஊற்றும் திருமதி ஹூபர் வியன்னாவில் பிறந்தவர், பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மத்தியானம் அவர் வீட்டுக்கு நடந்து போய் விசாரித்தேன். சூப்போடு மேசைக்கு வரும் கூடைப் பாண் இனாம் என்று நினைத்து நீ நான்கு எடுத்ததும், கடைசியில் பரிமாறுகிறவர் கணக்குப் போட எத்தனை எடுத்தாய் என்று கேட்டதும், பிறகு வெட்கத்தில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்கும் நீ போகாமல் அப்பிளும் தண்ணீருமாக இருந்ததும் கணேசலிங்கம் சொல்லித் தெரியும். அதைச் சொன்னேன். அங்கே எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பார்கள், கூடையில் எடுத்ததை எண்ணிச் சொல்வது அந்த ஊர் வழக்கம், அதில் அவமானம் எதுவும் இல்லை, மந்திரியும் எண்ணித்தான் சொல்வார் என்றார் அவர். மதியத்தில் கடை வாசலில் வெண்கட்டியால் ஒரு விலை எழுதி வைத்திருப்பார்களாம், சூப்பும் ஒரு கறியும் அந்த விலைக்குள் அடங்கும், இரவில் அதே சாப்பாடு கூட விலை. ஆகவே பெரிய சாப்பாட்டை மதியத்தில் சாப்பிடு. பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் உன் மாணவர் அட்டையைக் காட்டு. இரவுக்குப் பாண், பாற்கட்டி, அவித்த முட்டை சந்தையில் வாங்கி வை. தண்ணீர் போத்தல் வாங்காதே, வியன்னாவில் குழாய்த் தண்ணீர் மலையிலிருந்து வருவது, நல்லது என்கிறார். கதிரைக்குக் காசு கேட்கிற ஊரில், நாள் முழுக்க நடந்தவள் ஒரு தரமாவது அந்தக் காசைக் கொடுத்து இரு. நடு வெயிலில் கட்டடம் பார்த்துப் படம் கீறுகிறவளுக்கு அது வீண் செலவு அல்ல.

வெனிஸும் உரோமும் பற்றி. அவற்றைப் பார்க்காமல் உன் கடைசி வருட வேலை குறைபடும் என்பது எனக்குத் தெரியும், அதனால் போகாதே என்று நான் எழுதவில்லை. திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பு. சாப்பாட்டை மேலே எழுது, மிச்சத்தில் வெனிஸ், அதிலும் மிச்சம் இருந்தால் உரோம். மிச்சம் இல்லையென்றால் இரண்டும் வருகிற வருடமும் அதே இடத்தில்தான் நிற்கும். வைத்தியர் சொல்லும்வரை எந்த ரயிலுக்கும் சீட்டு எடுக்காதே. இதில் மட்டும் நான் உன் விருப்பத்தைக் கேட்கவில்லை.

அம்மா இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டாள், இன்னும் முடியவில்லையா என்று. அவள் எழுதச் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "நான்தான் அவளுக்கு ஆர் வீட்டிலயும் கேட்ட உடனை சாப்பிடக் கூடாதெண்டு பழக்கினது. அது எங்கடை ஆக்களுக்கு. இனி ஆர் கேட்டாலும் முதல் தரமே ஓம் எண்டு சொல்லச் சொல்லி எழுதுங்கோ." இதைச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கடவுள் உனக்கு நல்ல பசியையும் அதற்கேற்ற சாப்பாட்டையும் தரட்டும், நீ சுகப்பட்டு நெடுங்காலம் நன்றாக இரு. அடுத்த கடிதத்தில் சாப்பிட்டாச்சு என்று எழுதாதே, என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

வயிற்றுச் சோதனையின் முடிவு 23ஆம் திகதி திங்கட்கிழமை காலை வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அன்று உங்கள் மதியத்தில் கணேசலிங்கம் கூப்பிடுவார், எங்களுக்கு அப்போது இரவு ஒன்பது. அதுவரை கசிவு இருக்கிறது என்றோ இல்லை என்றோ நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை போட்டிருக்கிறோம்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
ச. அரியரத்தினம்