மூன்று கால் ஆடு

காரைக்குடி
01.06.2026

நஸ்ரினுக்கு உன் அக்கா ஷாஜியா சலாம் சொல்லி எழுதுவது.

நீ சென்னை போய்ச் சேர்ந்த சேதியே உன் வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன். வாட்ஸப்பில் எழுதினால் அதையும் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவாய். அதனால்தான் தபால்.

சீ, எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. பக்ரீத்துக்கு முந்தின நாள் உன் மகள் சுலைகாவும் நானும் பிக்காசோ படங்களைப் பார்த்துவிட்டுப் பெருநாள் வாழ்த்து வரைய உட்கார்ந்தோம். நேமத்தான்பட்டியில் வாங்கிக் கொல்லையில் கட்டியிருந்த குர்பானி ஆட்டைத்தான் வரைந்தாள். ரெண்டு கண்ணும் ஒரே கன்னத்தில். கால் மூணுதான். "நாலாவது கால் எங்கடி?" என்றேன். "அது பயந்துபோயி முன்னாடியே ஓடிருச்சு பெரியம்மா" என்றாள். ஏழு வயசுப் பிள்ளை! எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது.

நீ வந்து பார்த்தாய். "என்ன கண்றாவி இது, பாக்குறவுக சிரிப்பாக" என்று பிரஷைப் பிடுங்கினாய். அவள் படத்தின் மேல் வெள்ளையைப் பூசி, காலண்டர் ஆடு ஒன்றை வரைந்து, மேலே பிறையும் வைத்தாய். அழுத பிள்ளைக்கு முகம் துடைத்துப் பவுடர் போட்டு, பிரஷைக் கையில் திணித்துச் சிரிக்கச் சொன்னாய். இப்போது 'பிக்காசோ பாணியில் என் மகள் வரைந்தது' என்று போட்டிருக்கிறாயே, த்தூ!

வீடியோவை எடுத்துவிடு. பிள்ளையிடம் மன்னிப்புக் கேள்.

ஷாஜியா

*

சென்னை
08.06.2026

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். உன் கடிதம் வரும்வரை இங்கே எல்லோரும் நலமாகத்தான் இருந்தோம்.

அந்த வீடியோவைப் பிடித்தது யார்? "இன்னொரு தரம் சிரிடா கண்ணு, கை ஆடிருச்சு" என்று ஒன்பது தடவை போனைப் பிடித்தது நீதானே? அப்போது குமட்டவில்லையா? பிள்ளை பெற்று வளர்த்தால் தெரியும், நாலு பேர் முன்னால் அதை நிறுத்துவதற்கு என்ன பாடு என்று.

முப்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலில் மேடை போட்டு, அதே படத்தை எல்லார் முன்னாலும் வரைய அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்ததும் தினம் இரண்டு மணி நேரம் அந்த ஆட்டைச் சொல்லிக் கொடுக்கிறேன். கொம்பு நன்றாக வருகிறது. கால்தான் இன்னும் சரியாக வரவில்லை.

நஸ்ரின்

*

காரைக்குடி
11.06.2026

நஸ்ரின்,

பிள்ளை பெறாதவள் என்று சொல்லிக் காட்டிவிட்டாய். சரி, இருக்கட்டும்.

ஆனால் நீ கேட்டது நியாயம். போனைப் பிடித்தது நான்தான். "அழுகுறா பாரு, விடுடி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த லீவுக்கு அவளை அனுப்பாமல் விட்டுவிடுவாயோ என்று பயம். அந்தப் பயத்துக்காகப் பிள்ளையின் அழுகையைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இனி நீ அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. அவளை மேடையேற்றாதே. பொய்யைப் பழக்கி விடாதே. உன் தாடையைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஷாஜியா

*

சென்னை
15.06.2026

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமையே கிடைத்தது. படித்த பிறகும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேடையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். சுலைகா கையில் மைக்கைக் கொடுத்தார்கள். படத்தைக் காட்டி, "இது எங்கம்மா வரைஞ்சது. நான் வரைஞ்சது இதுக்கு அடியில கெடக்கு" என்றாள். சனம் சிரித்தது. எல்லாரும் போனைத் தூக்கி என் முகத்தைப் பிடித்தார்கள். உனக்கு வந்த குமட்டல் எனக்கும் வந்தது.

வீட்டுக்கு வந்து வீடியோவை அழித்தேன். படத்தை எடுத்து வைத்து ஈரத்துணியால் வெள்ளையைத் துடைத்துப் பார்த்தேன். வெள்ளை போகவில்லை, தாள்தான் கிழிந்தது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றாள்.

பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டுமாம். சனிக்கிழமை பல்லவன் ரயிலில் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து அவளை அழைத்துக்கொள். நான் வீட்டுக்குள் வரலாமா என்று அவளிடமே கேட்டுச் சொல்.

நஸ்ரின்